விரலை ஆட்டுவிக்கும் முன்கை

வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். பிடிக்குள் ஏதோ புரளுகிறதல்லவா? மடங்குவது விரல், புரளுவதோ முன்கைத் தசை! விரலை மடக்கவோ நீட்டவோ விரலுக்குள் ஒரு தசைகூடக் கிடையாது.

பொம்மலாட்டத்தில் பொம்மை மேடையில் ஆடும். ஆட்டுவிப்பவர் திரைக்குப் பின்னால் நிற்பார். இங்கும் அதே ஏற்பாடுதான். முன்கைத் தசைகளிலிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளில் போய்ச் சேருகின்றன. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மடக்குவதற்கு முன்கையின் உட்புறத்தில் ஒரு கூட்டம். நீட்டுவதற்கு வெளிப்புறத்தில் மற்றொரு கூட்டம். இவ்விரண்டையும் சமன் செய்து விரலைச் சீராக இயங்க வைப்பவை உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள்.

தொழுநோய் முழங்கையருகே செல்லும் நரம்பைத் தாக்கும்போது இந்தச் சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. விரல்கள் கொக்கி போல் வளைந்துவிடும். சோற்றைப் பிசைந்து உண்பதும் கடினம்; தொழிலும் போய்விடும்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் பணியேற்றார். மறு ஆண்டு செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றவர், விரல் வளைந்த ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, "அழுத்துங்கள்" என்றார். வலுவற்றது என்று எண்ணிய அந்தக் கையின் பிடி டாக்டருக்கு வலித்தது! முன்கைத் தசைகள் வலுவுடன்தான் இருக்கின்றன என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவ்வாறு எடுத்த நாணைத் திசை மாற்றித் தைத்து, செயலிழந்த சிறு தசைகளின் வேலையை அதனிடம் ஒப்படைத்தார் டாக்டர். மடக்கிப் பழகிய தசை புது வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமே! அதற்காக நோயாளிகளுக்குப் பல வாரங்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. வளைந்த விரல்கள் நிமிர்ந்தன. கைகள் மீண்டும் உழைத்தன.

ஆனால், இழந்த உணர்ச்சியை இந்தச் சிகிச்சை மீட்டுத் தராது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் சுடுவது தெரியாது. கண்தான் கையைக் காக்க வேண்டும். ஆகவே வருமுன் காப்பதே மேல். இன்று தொழுநோயை மாத்திரைகளாலேயே குணப்படுத்த முடியும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நரம்பு கெடுமுன் மருந்து உண்டால், விரலும் வளையாது, வாழ்வும் வளையாது.