மானாகுவா பிள்ளைகள் படைத்த மொழி

1970-களின் பாதிவரை நிக்கராகுவா நாட்டில் காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டோடுதான் வளர்ந்தார்கள். தம்மைப் போல் இன்னொருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. சோறு, தூக்கம், வா, போ என்று தாயும் பிள்ளையும் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட சில சைகைகள் உண்டு. அடுத்த தெருவில் அவை செல்லாது.

1977-இல் தலைநகர் மானாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி திறந்தது. 1980-இல் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி வந்தது. 1983-க்குள் இரண்டிலும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். உதட்டசைவைப் பார்த்துப் பிள்ளைகள் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர்கள் பாடுபட்டார்கள். ஒலியையே அறியாத பிள்ளைகளுக்கு அது எப்படிப் பிடிபடும்? அவர்களுடைய உண்மையான வகுப்பு, விளையாடும் இடத்திலும் பள்ளிப் பேருந்திலும் நடந்தது. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகள் அங்கே ஒன்று கலந்தன.

பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்கு விளங்கவில்லை. 1986-இல் கல்வி அமைச்சகம் அமெரிக்க மொழியியலாளர் ஜூடி கெகலை அழைத்தது. மூத்த மாணவர்களின் சைகைகள் கரடுமுரடாக இருந்தன. நாலைந்து வயதில் வந்து சேர்ந்த சிறுவர்களின் கைகளிலோ ஒழுங்கான இலக்கணம் ஓடியது. மூத்தவர்களிடமிருந்து அரைகுறையாகப் பெற்றதை அவர்கள் முழு மொழியாக்கிவிட்டிருந்தார்கள்.

இந்த இலக்கணம் எத்தகையது என்பதை ஆன் செங்காஸ் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டியது. ஒரு கேலிச்சித்திரப் படத்தில் பூனை கனத்த பந்தை விழுங்கிவிட்டுச் சரிவான தெருவில் உருண்டு இறங்குகிறது. காது கேட்கும் ஒருவரை இதைக் கையால் காட்டச் சொன்னால், கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்குவார். முதல் தலைமுறை மாணவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டினார்கள். பின்னால் வந்த சிறுவர்கள் அதை இரண்டாக உடைத்தார்கள்: முதலில் 'உருள்', அடுத்து 'இறங்கு'. கண்ணில் பட்ட காட்சி உடையவில்லை. அதை உடைத்தது பிள்ளைகளின் மனம். உடைத்தால்தான் நாளைக்கு 'உருள்' என்பதோடு 'ஏறு' என்பதையும் சேர்க்கலாம். எண்ணற்ற வாக்கியங்கள் பிறக்கும் வழி இதுதான். எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

நம் வீட்டுக் குழந்தை பேசும்போது, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது என்று எளிதாக நினைத்துவிடுகிறோம். மானாகுவாவில் திருப்பிச் சொல்வதற்கு முழுமையான மொழி எதுவும் முன்னால் இல்லை. படைத்தவன் பிஞ்சு மனத்துக்குள் விதையாக வைத்ததுதான் அங்கே முளைத்தது என்பேன். அதிலும் ஒரு நியதி உண்டு. தனியாக வளர்ந்த எந்தப் பிள்ளையிடமும் அந்த விதை முழு மொழியாகவில்லை. கூட விளையாட ஆள் வேண்டியிருந்தது.

தனித்தே வளர்ந்து பெரியவர்களானவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் சிலரை ஆராய்ந்த முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. வேலைக்குப் போகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், பணத்தைப் புழங்குகிறார்கள். ஆனால் மூன்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கையைத் தவறாமல் காட்ட முடியவில்லை. விரல்களால் காட்டியது தோராயமாக மட்டுமே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணுவதற்கான சொற்கள் அவர்களுக்கு யாரிடமிருந்தும் கிடைக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை விரல் விட்டு எண்ணுவதை நாம் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை.

இதைவிட என்னை நெகிழ வைப்பது ஜென்னி பயர்ஸும் செங்காஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் ஒரு படக்கதை: அண்ணன் பொம்மை ரயிலைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போகிறான். தம்பி அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறான். அண்ணன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? படத்தைப் பார்த்து விடை தேர்ந்தெடுக்க வேண்டும். இளைய தலைமுறையினர் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். இருபதைக் கடந்த மூத்தவர்களில் பலர் தடுமாறினார்கள். 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' போன்றவற்றுக்கான சைகைகள் அவர்களிடம் மிகக் குறைவு. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது மூத்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்றிருந்தார்கள். பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதும் அவர்களுக்குக் கைவந்துவிட்டது.