காசில்லாமல் நீந்த எங்கே போகலாம்?



வெயில் தொடங்கினதும் பிள்ளைகள் "பூலுக்குப் போவம்" என்று நச்சரிப்பார்கள். அமெரிக்காவில் பொது நீச்சல் தடாகம் எல்லாம் இலவசம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அது சில நகரங்களில் உண்மை. நியூயார்க், பிலடெல்பியா, ஹூஸ்டன் நகரங்களின் வெளிப்புறப் பூல்களுக்குக் கட்டணம் இல்லை. பிஸ்கட்டவேயில் அப்படி இல்லை.

ஏன் ஊருக்கு ஊர் இந்த வித்தியாசம்? இதற்கு ஒரு கசப்பான கதையும் உண்டு. 1950களிலும் 60களிலும் கறுப்பின மக்களையும் பூலுக்குள் விட வேண்டும் என்று வந்தபோது, பல ஊர்கள் பூலையே இழுத்து மூடின. வசதியுள்ளவர்கள் அங்கத்தவர் மட்டும் போகிற கிளப்புகளைக் கட்டிக்கொண்டார்கள். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் அப்படி மூடியது சட்டப்படி சரி என்று 1971இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்று நிறத்தையோ இனத்தையோ காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் காசு கட்டவில்லை என்று திருப்பி அனுப்பலாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் அபார்ட்மெண்டைப் பாருங்கோ. வளாகத்துக்குள் பூல் இருந்தால் அநேகமாக வாடகையோடு சேர்ந்ததுதான். ஆனால் லீஸில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அனுமதி என்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறீர்கள் என்றால், அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாமல் முதலில் ஆபீஸில் கேளுங்கோ.

அடுத்தது ஹோஸ் லேனில் உள்ள கம்யூனிட்டி சென்டர். ஒய்.எம்.சி.ஏ. நடத்துகிறது, உள்ளே பூல் இருக்கிறது, அங்கத்துவக் கட்டணம் உண்டு. பெயரைப் பார்த்து மதம் மாற்றுகிற இடம் என்று பயப்பட வேண்டாம். கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு 'ஃபைனான்ஷியல் அசிஸ்டன்ஸ்' என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். வருமானக் கடிதம் கேட்பார்கள். வேர்க் பெர்மிட் இன்னும் வரவில்லை, வருமானம் இல்லை என்றால் அதையே சொல்லுங்கோ. உங்களைப் பார்த்துக்கொள்கிறவர் எழுதித் தரும் கடிதம் போதுமா என்று கேளுங்கோ. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கும் இந்தச் சலுகை உண்டா என்று அதே நேரம் விசாரித்துவிடுங்கோ.

முழுக்க இலவசம்தான் வேண்டும் என்றால் நியூயார்க். ஜூன் கடைசியில் திறந்து செப்டம்பரில் மூடுவார்கள். காலை 11 முதல் மாலை 7 வரை, நடுவில் 3 முதல் 4 வரை சுத்தம் செய்ய நிறுத்துவார்கள். அங்கத்துவம் கிடையாது, விசா நிலை கேட்பதும் இல்லை. ஆனால் பூட்டு இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்! லொக்கருக்குப் போடுகிற நல்ல பூட்டு ஒன்று கையில் இருக்க வேண்டும். நீச்சல் உடை கட்டாயம். மேலே ரீ-ஷேர்ட் போடுவதென்றால் எழுத்துப் படம் எதுவும் இல்லாத வெள்ளை மட்டும்.

பிஸ்கட்டவேக்கு என்று ரயில் நிலையம் இல்லை. எடிசனிலோ நியூ பிரன்ஸ்விக்கிலோ ஏறி பென் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். சனி, ஞாயிறில் டிக்கெட் எடுத்த பெரியவர் ஒருவரோடு 11 வயது வரையான இரண்டு பிள்ளைகள் இலவசமாகப் போகலாம். பெரியவர்களின் ரயில் காசைக் கூட்டிப் பார்த்தால் 'இலவச' பூல் அவ்வளவு இலவசம் இல்லை. வருடத்துக்கு இரண்டு தடவைக்குச் சரி, வாராவாரம் போக ஏலாது.

காசு மிச்சம் என்று ஜோன்சன் பார்க் பக்கம் ராரிட்டன் ஆற்றில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். அது நீந்துகிற இடம் அல்ல, உயிர்காப்பாளரும் இல்லை.

2020 ஜூனில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், புதிதாகக் குடிவந்த ஒரு இந்தியக் குடும்பத்தில் மூன்று பேர் தங்கள் வீட்டுப் பின்வளவுப் பூலிலேயே மூழ்கி இறந்தார்கள். தாத்தா, தாய், எட்டு வயதுப் பிள்ளை. கடலோரத்தில் பிறந்தவர்கள் நாங்கள் என்றாலும், எங்களில் எத்தனை பேருக்கு, முக்கியமாக எத்தனை பெண்களுக்கு, நீந்தத் தெரியும்? எனவே பூலில் இறங்கும் முன் சுவரில் எழுதியுள்ள ஆழத்தைப் பாருங்கோ. அது அடிக் கணக்கில் இருக்கும். 5 என்று போட்டிருந்தால் பலருக்கு நாடி வரை தண்ணீர். "நோ லைஃப்கார்ட் ஆன் டியூட்டி" என்று பலகை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அர்த்தம். பிள்ளை தத்தளித்தால் நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. சுவரில் தொங்கும் வளையத்தை எறியுங்கோ, நீண்ட தடியை நீட்டுங்கோ, 911ஐக் கூப்பிடுங்கோ. 911இல் முதலில் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவார்கள். அதற்கு முன் முகவரியை ஆங்கிலத்தில் சொல்லப் பழகி வையுங்கோ.

சலுகைப் படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால், வாடகைக் கடிதத்தையும் கையில் உள்ள பேப்பர்களின் பிரதியையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாங்கோ.