மடுவத்துத் தராசு ஏன் செத்தது?

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில், பகல் நிறுவைக்கு அம்மா கொழுந்துப் பையைத் தொங்கவிட்ட நேரம் மின்தராசின் திரை உறைந்தது. பிறகு தானாக மறுபடி தொடங்கியது. காலையில் நிறுத்த கிலோ யாருக்கும் மிஞ்சவில்லை. கணக்கப்பிள்ளை ஞாபகத்தில் இருந்ததை எழுதினார். அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. 77 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போன எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: குறித்த கிலோ பறிக்காவிட்டால் பாதி நாட்சம்பளம்.

மழையில் மெசின் நனைந்திருக்கும் என்றார்கள். கொழும்பில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு அது சரியாகப் படவில்லை. தராசுக்குள் ஓடியது லினக்ஸ். அதன் ஜிபிஎல் உரிமப்படி, பொருளை வாங்கியவர் கேட்டால் விற்றவர் லினக்ஸ் பகுதியின் மூலநிரலைக் கொடுக்கவேண்டும். தோட்ட அலுவலகம் மூலம் கேட்டோம். இழுத்தடித்துத்தான் தந்தார்கள்.

இயங்குதளத்தின் நடுப்பகுதியைக் கேர்னல் என்பார்கள் (இராணுவக் கேணல் இல்லை). எடை உணரி புதிய அளவைத் தயாராக்கியதும் கேர்னலைக் கூப்பிடும். இதுதான் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு. ஓடிக்கொண்டிருக்கும் வேலை பாதியில் நிற்க, அதன் தலைமேல் ஏறிக் குறுக்கீட்டின் வேலை நடக்கும். அதற்கு ஒரு கண்டிப்பான விதி: எதற்காகவும் தூங்கிக் காத்திருக்கக்கூடாது.

இந்தத் தராசில் அளவுகளைக் காக்க மியூட்டெக்ஸ் என்ற பூட்டு இருந்தது. பூட்டு சும்மா இருந்தால் உடனே கிடைக்கும். வேறொருவர் வைத்திருந்தால் தூங்கிக் காத்திருக்க வேண்டும். எழுதியவர் குறுக்கீட்டுக்குள்ளேயே அந்தப் பூட்டைக் கேட்டிருந்தார். ஆயிரம் தடவை தப்பிவிடும். திரையில் எடை காட்டும் புரோகிராம் பூட்டைப் பிடித்திருக்கும் அந்த நொடித்துளியில் குறுக்கீடு வந்தால் கதை முடிந்தது. பூட்டை விடவேண்டியவனே கீழே மிதிபட்டுக் கிடக்கிறான், மேலே நிற்பவன் அவனிடம் பூட்டுக் கேட்கிறான். வரிசை நீண்டு தராசு ஓயாமல் வேலை செய்யும் பகலில் இது நடந்ததில் ஆச்சரியமில்லை.

தராசின் பலகையிலிருந்து மடிக்கணினிக்கு வயர் இழுத்துக் கடைசி வரிகளைப் பிடித்தேன். 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்றிருந்தது. தூங்கக்கூடாத இடத்தில் தூங்கப் போனார்கள் என்று அர்த்தம். கேர்னலிலேயே இதற்கொரு சோதனை உண்டு. அதை இயக்கிக் கட்டினால், பூட்டு சும்மா இருக்கும்போதுகூட இப்படிக் கேட்பது தப்பென்று முதல் நிறுவையிலேயே கத்தும். விற்கும் முன் அதை ஒருநாள் ஓடவிட்டிருக்கலாம். அதுதான் எனக்குக் கோபம்.

திருத்தம் சில வரிகள்தான். 2009 இல் வந்த 2.6.30 பதிப்பு முதல், குறுக்கீட்டின் வேலையை இரண்டாகப் பிரிக்கும் வசதி லினக்ஸில் இருக்கிறது. முதல் பாதி தகவல் வந்தது என்று சொல்லிவிட்டு உடனே திரும்பும். மீதியைத் தனி இழை செய்யும். அந்த இழை தூங்கலாம், பூட்டுக்காகக் காத்திருக்கலாம். பூட்டை அங்கே நகர்த்தினேன். மணல் மூட்டையை வைத்து எடுத்து இரண்டு நாள் சோதித்தோம், நிற்கவில்லை.

கிலோக்களை மாலைவரை தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது வேறொரு தப்பு. இப்போது ஒவ்வொரு நிறுவையும் அப்போதே கார்ட்டில் எழுதப்படுகிறது. அம்மா என்னவோ இன்னமும் தன் கிலோவைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்.