செங்கண்மாரி மறைந்தபின்னும் தங்கிவிடும் வைரசு

எமது கிராமங்களில் கண் மஞ்சளித்தால் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பர். சில கிழமைகளில் மஞ்சள் மறைய, நோய் போயிற்றென நிம்மதியடைவர். மலக்கழிவு கலந்த கிணற்று நீரால் பரவும் ‘ஏ’ வகை ஈரலழற்சிக்கு இந்த நிம்மதி பொருந்தும். அது நாட்பட்ட நோயாவதில்லை. இரத்தம், பாலுறவு, பிரசவம் வழியாகத் தொற்றும் ‘பி’ வகையோ அப்படியன்று. வளர்ந்தோரில் 100க்கு 5 பேருக்கும் குறைவானோரிலேயே அது தங்கிவிடும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ 100க்கு 90 பேரளவில் தங்கிவிடும்.

தங்கிய வைரசு என்ன செய்கிறது? ஈரற் கலத்தின் கருவினுள் தன் டி.என்.ஏ.யை வட்டமாக மூடி ஒளித்து வைக்கிறது. அதன் சில துண்டுகள் எமது டி.என்.ஏ.யிலேயே செருகிக்கொள்கின்றன. கலம் ஓயாது பிரிய உதவும் பரம்பரையலகு ஒன்றின் அருகே அவை செருகினால், அடங்கியிருந்த அந்த அலகு விழித்துக்கொள்ளும். மறுபுறம், உடலின் காவற்கலங்கள் தொற்றிய கலங்களைக் கொல்ல, ஈரல் புதியவற்றை உண்டாக்குகிறது. பல்லாண்டுகள் இது தொடர்கையில் டி.என்.ஏ.யில் பிழைகள் சேர்கின்றன. ஈரல் தழும்பேறி இறுகுகிறது. பழுதான கலத்தைப் பிரியவிடாது மறிக்கும் பி53 என்னும் புரதமும் கெட்டுவிட்டால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பூஞ்சணம் பிடித்த கச்சானிலுள்ள அஃபிளாடொக்சின் நஞ்சு தாக்குவதும் இப்புரதத்தின் பரம்பரையலகையே. கச்சானை நன்கு உலர்த்துவதும் ஈரலைக் காப்பதே.

கீழ்க்காய்நெல்லி உதவாதா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ‘பி’ வைரசைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க்குடன் இணைந்து 1988 இல் ‘லான்செற்’ இதழில் ஆய்வொன்றை வெளியிட்டனர். மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது; மருந்தற்ற குளிகை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறாயிற்று. பிந்திய ஆய்வுகள் பலவற்றில் அப்பலன் கிட்டவில்லை. ஆதலால் அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்கு ‘பி’ தடுப்பூசி சேர்க்கப்பட்டது. 2, 4, 6 ஆம் மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியாக அது ஏற்றப்படுகிறது. 1984 இல் இதை ஆரம்பித்த தாய்வானில் பிள்ளைகளின் ஈரற் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. முன்னரே பிறந்தோர், சிறப்பாகக் குடும்பத்தில் ஈரல் நோயுள்ளோர், ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்விப்பது நன்று. ஒளிந்த வட்டத்தை முற்றாக அகற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் தெனோஃபோவிர் போன்ற குளிகைகள் வைரசை அடக்கிப் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கின்றன. ஈரல் நெடுங்காலம் நோவைக் காட்டாது. நோவு வரும்வரை காத்திருப்போர் பெரும்பாலும் பிந்தியே வைத்தியரிடம் வருகின்றனர்.