திற... துடை... மாத்து... மூடு!

முதலிலேயே ஊரைச் சொல்லிவிடுகிறேன். குற்றாலம் இல்லை சார், குத்தாலம்! அருவி, குரங்கு, எண்ணெய்க் குளியல் எல்லாம் தெற்கே. இது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவிலே, காவிரித் தென்கரையில் இருக்கிற நெல்லுச் சீமை. இங்கே பல வீடுகளின் பரணில் மூன்று சாமான்களைப் பார்க்கலாம். பாட்டி காலத்துப் பித்தளை அண்டா, ஓடாத மிக்ஸி, அப்புறம்... ஒரு லேப்டாப்!

அண்டாவுக்கு இல்லாத வரலாறு அந்த லேப்டாப்புக்கு உண்டு. 2011-ம் வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று ஆரம்பித்தது தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம். அடுத்த எட்டு, ஒன்பது வருஷங்களில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ, மாணவிகள் கைக்குப் போனது. ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வாங்கின அன்றைக்குப் பூவும் பொட்டும் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்த வீடுகள் எத்தனையோ!

அப்புறம் என்ன ஆச்சு? ஆன் பண்ணிவிட்டு ஒரு காபி குடித்து வரலாம் என்ற நிலைமை வந்தது. பிறகு காபி போய் டிபன் ஆச்சு. கடைசியில் பரண் ஏறியது.

"அதெல்லாம் செத்துப் போச்சு மாப்ளே, பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு இ.எம்.ஐ.ல புதுசு வாங்கு" என்று சொல்ல நண்பர்களுக்கா பஞ்சம்? கொஞ்சம் பொறுங்கள். ஆள் செத்துப் போனாரா, தூங்குகிறாரா என்று பார்க்காமலே பாடை கட்டலாமா?

கணக்குப்பிள்ளை சொல்வது வேறு!

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டருக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம். 40,000 ரூபாய் லேப்டாப், முதல் வருஷ முடிவில் 24,000. அடுத்த வருஷம் 14,400. ஐந்தாம் வருஷக் கடைசியில் புத்தக மதிப்பு வெறும் 3,110 ரூபாய்! கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் ஐந்து வயசில் ஆசாமி காலி.

ஆனால் உள்ளே இருக்கிற சாமான்கள் வருமான வரிச் சட்டம் படித்ததில்லை. பிராசஸர் சுலபத்தில் சாகாது. திரை நன்றாகவே எரியும். தேய்கிறவை நாலே நாலுதான்: ஹார்ட் டிஸ்க், பேட்டரி, காத்தாடி, அந்தக் காத்தாடிக்குப் பக்கத்தில் காய்ந்துபோன பசை. இதோடு போதாத ரேம். பெரும்பாலான பழைய லேப்டாப்புகளில் இந்த ஐந்தையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் தூரத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பத்தாயமும் முறமும்!

எது என்ன வேலை செய்கிறது என்று டெல்டாக்காரருக்கு ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்பது பத்தாயம். நெல் முழுக்க அங்கேதான். ரேம் என்பது முறம். பத்தாயத்தில் நூறு மூட்டை இருந்தாலும் முறத்தில் கொள்கிற அளவுதான் ஒரு தடவைக்குப் புடைக்க முடியும். முறம் சின்னதாக இருந்தால் பத்தாயத்துக்கும் முற்றத்துக்கும் ஓடி ஓடியே பொழுது போய்விடும். லேப்டாப் திணறுவது இதனால்தான்.

அந்தப் பத்தாயமும் சாதாரணப் பத்தாயம் இல்லை. உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். கிராமபோன் முள் மாதிரி ஒரு கை அதன் மேலே ஓடி ஓடி, கேட்டதைத் தேடிக் கொண்டு வரும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. எல்லாம் சிப். தேடுகிற நேரம் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு சாமான்தான் மாற்ற முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். அப்புறம்தான் ரேம்.

காத்தாடி விஷயம் இன்னும் சுலபம். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர் வாருகிறோமே, அதேதான். களத்துத் தூசி, ரோட்டுப் புழுதி எல்லாம் காற்றுப் போகிற வழியில் பஞ்சு மாதிரி அடைத்துக்கொள்ளும். சூடு வெளியே போகாது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "வைரஸ் வந்துடுச்சு" என்று நாம் சாப்ட்வேர் மேலே பழியைப் போடுவோம். குற்றவாளி ஒரு சிட்டிகை தூசி!

கடைக்குப் போகுமுன்...

ஒன்று: வாரண்டி இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். அது கம்பெனி பாடு.

இரண்டு: போட்டோ, சர்டிபிகேட், ஆபீஸ் பைல் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். லேப்டாப் போனால் வாங்கிக்கொள்ளலாம். தங்கச்சி கல்யாண போட்டோவை எங்கே போய் வாங்குவது?

மூன்று: அடியில் ஒட்டியிருக்கிற மாடல் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். லெனோவோ, டெல், ஹெச்.பி. போன்ற கம்பெனிகள் பல மாடல்களுக்கு சர்வீஸ் மேனுவலை இலவசமாகவே தருகின்றன. குத்தாலத்து சுவாமிக்கே 'சொன்னவாறு அறிவார்' என்று பெயர். மேனுவலிலும் சொன்னவாறு செய்தால் சேதம் இல்லை!

நான்கு: என்ன ரேம் என்று பாருங்கள். டி.டி.ஆர்.3 ரேமுக்கு 204 பின், டி.டி.ஆர்.4-க்கு 260 பின். ஒன்று இன்னொன்றில் நுழையாது. மெலிசான புது மாடல்கள் சிலவற்றில் ரேமை போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள். அதை மாற்ற முடியாது. 2025 கடைசியிலிருந்து ஏ.ஐ. கம்பெனிகள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறிவிட்டது. இரண்டு கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

ஆபரேஷன் தியேட்டர்!

நைலான் பாய், போர்வை எல்லாம் வேண்டாம். மர மேஜை போதும். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கிற மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைப் பிரிப்பதுதான். பிறகு பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடித்தால் மிச்சம் மீதி கரண்டும் போய்விடும்.

ஜன்னல் கம்பியில் பெயின்ட் போன இடத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வாருங்கள். சாமி கும்பிடுவதற்கு இல்லை! நம் உடம்பில் ஏறியிருக்கிற நிலைமின்சாரம் சில ஆயிரம் வோல்ட் இருந்தால்தான் நமக்கே 'சுரீர்' என்று தெரியும். சில சிப்புகளின் உயிரை வாங்க நூறு வோல்ட் போதும்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் அடியில் இருக்கிற போர்டிலேயே குத்தும். அதனால் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டியைக் கடன் வாங்குங்கள். கழற்றுகிற வரிசைப்படி குழிக்கு ஒரு வகையாகப் போடுங்கள். அஞ்சறைப் பெட்டி வேண்டவே வேண்டாம். கடுகோடு ஸ்க்ரூ கலந்தால் சாம்பாரும் போச்சு, சமாதானமும் போச்சு!

மூடி வரவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் புஷ்ஷுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். காலாவதியான ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு நெம்பினால் 'டிக் டிக்' என்று விட்டுக் கொடுக்கும். கீபோர்டுக்குப் போகிற பட்டை வயரை இழுக்கக் கூடாது. அதன் பூட்டு ஒரு நகம் அளவுதான் இருக்கும். தூக்கிவிட்டால் தானாக வரும்.

ரேமின் இரண்டு பக்கக் கொக்கியை விலக்கினால் சாய்வாக எழுந்து நிற்கும். புதியதையும் அதே சாய்வில் நுழைத்து அழுத்தவேண்டும். காத்தாடியை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பேய் மாதிரிச் சுற்றவிடாதீர்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதுப் பசை வையுங்கள். எவ்வளவு? ஒரு நெல்மணி அளவு! உலகம் முழுக்க 'அரிசி அளவு' என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு அளவு சொல்லித் தரவேண்டுமா என்ன?

மூடினதும் சட்டியைப் பாருங்கள். ஸ்க்ரூ மிச்சம் இருந்தால்... மன்னிக்கவும், மறுபடி முதலிலிருந்து!

உப்பினால் ஓடுங்கள்!

ஒரே ஒரு விஷயத்தில் வீரம் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால் குத்துவது, அமுக்குவது, வெயிலில் காய வைப்பது எதுவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் சுலபத்தில் அடங்காது. பழைய இரும்பு மூட்டையிலும் போடாதீர்கள். மூட்டை தூக்குகிறவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. மின்கழிவுக்கென்று 2023 ஏப்ரல் முதல் புது விதிகளே அமலில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுப்பதுதான் முறை.

நீங்களே செய்ய பயமா? தப்பில்லை. கடைக்கார அண்ணனிடம் கொடுங்கள். ஆனால் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அது எதுக்கு தம்பி, குப்பைதானே?" என்பார். குப்பை இல்லை அண்ணே! அதில் அக்காவின் போட்டோ இருக்கிறது, அப்பாவின் பாஸ்புக் ஸ்கேன் இருக்கிறது. அழித்த பைலைக்கூடத் தோண்டி எடுக்க சாப்ட்வேர் உண்டு.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு கும்பிடு போட்டுவிட்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காசு கிடையாது. தமிழில் டைப் அடிக்கலாம், கணக்கு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கலாம்.

உலகமும் இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. நம் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு தளமே ஆரம்பித்தது. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாட்டும்படி செய்யவேண்டும் என்று சட்டம். நாம் வாங்கின பொருளை நாமே திறக்க, அங்கே பார்லிமென்ட் கூடவேண்டியிருக்கிறது!

ஏரின் கொழு தேய்ந்தால் ஏரையே தூக்கிப் போட்ட விவசாயி இந்தச் சீமையில் யாரும் இல்லை. கொழுவை மாற்றினார், உழுதார். பரணில் இருக்கிறதே அதுவும் ஒரு ஏர்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணியை எடுங்கள். அப்படியே பணியாரச் சட்டிக்கும் முன்கூட்டியே பர்மிஷன் வாங்கிவிடுங்கள்!