வரப்பு மரத்தை அளந்து விற்போம்

சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகும் தை, மாசி மாதங்களில்தான் தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் மர வியாபாரம் சூடுபிடிக்கும். பயிர் இல்லாததால் வண்டி வயலுக்குள் இறங்கும். பெண்ணின் திருமணம், பிள்ளையின் படிப்பு, சங்கக் கடன் என்று பணத்தேவையும் இருக்கும். வியாபாரி வருகிறார், மரத்தைச் சுற்றிப் பார்க்கிறார், கையால் தட்டிப் பார்க்கிறார், "மொத்தமாக இவ்வளவு" என்று ஒரு தொகை சொல்கிறார். இருபத்தைந்து ஆண்டு வளர்ந்த மரம் அரை மணி நேரத்தில் விலை போய்விடுகிறது. நெல்லில் ஒரு கிலோ எடை குறைந்தாலும் விட்டுக்கொடுக்காத உழவர்கள், மரத்தை மட்டும் அளவே பார்க்காமல் விற்பது ஏன்?

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபின் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகளில் தென்னையோடு தேக்கும் சாய்ந்து கிடந்தது. அப்போது ஒரத்தநாடு பக்கம் ஒரு விவசாயி, விழுந்த ஒன்பது தேக்கு மரங்களைக் குத்துமதிப்பாகப் பேசிக் கொடுத்துவிட்டார். லாரியில் இடமில்லாமல் வியாபாரி ஒரு கட்டையை மறுநாளைக்கு என்று விட்டுச் சென்றிருந்தார். அதை நாங்கள் டேப் பிடித்து அளந்தோம். அன்றைய உருட்டு விலைக்குக் கணக்குப் போட்டபோது, ஒன்பது மரத்துக்கும் அவர் வாங்கிய தொகையில் ஏறத்தாழ கால் பங்கு அந்த ஒரு கட்டைக்கே வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. "அளக்கத் தெரியாமல் போயிற்றே" என்று அவர் மனைவிதான் சொன்னார். அளப்பது கடினமான வித்தையன்று. இந்தக் கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் கற்றுக்கொள்ளலாம்.

நம்மிடம் உள்ள மரங்கள்

கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கைப் பார்த்து, நம் உழவர்களும் வரப்பிலும் படுகையிலும் தோப்பு ஓரத்திலும் தேக்கு நட்டனர். தண்ணீர் தேங்காத வண்டல் மண்ணில் தேக்கு நன்கு வரும். தேக்கு மட்டுமே விலை போகும் என்று எண்ணிவிட வேண்டாம். பூவரசு, வாகை, வேம்பு, கருவேல், இலுப்பை, பலா ஆகியவையும் வேலைக்கு உதவும் மரங்களே. இவற்றை விறகு விலைக்குத் தள்ளிவிடுவதுதான் நம் பகுதியில் நடக்கும் பெரிய இழப்பு.

எந்த மரமானாலும் விலையை முடிவு செய்வது வைரமே. மரத்தின் நடுவில் கருத்த நிறமாக இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளிறி இருப்பது வெள்ளை. வெள்ளைப் பகுதி விரைவில் உளுத்துப்போகும். இளம் மரத்தில் வெள்ளை மிகுதி. வயது ஏற ஏற வைரம் கூடும். ஆகவே சுற்றளவு கூடும்போது கன அடிக்குக் கிடைக்கும் விலையும் கூடுகிறது. அவசரத் தேவைக்கு நான்கு மரம் விற்க வேண்டியிருந்தால், நெருக்கமாக நிற்பவற்றையும் கோணலானவற்றையும் முதலில் கழித்து, பருத்து நேராக நிற்பவற்றை விட்டுவைப்பது நன்று.

அளக்கும் முறை

மரவாடிகளில் பழக்கத்தில் உள்ள கணக்கு இதுதான். கட்டையின் நடுப்பகுதியில் சுற்றளவை அங்குலத்தில் அளக்கவும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கவும். வருவதை அடியில் உள்ள நீளத்தால் பெருக்கவும். கடைசியாக 2304 ஆல் வகுக்கவும். கிடைப்பது கன அடி.

எடுத்துக்காட்டாக, நடுச் சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி உள்ள கட்டையை எடுத்துக்கொள்வோம். 48ஐ 48 ஆல் பெருக்க 2304. அதைப் பத்தால் பெருக்கி 2304 ஆல் வகுத்தால் சரியாக 10 கன அடி.

இதே கட்டையை நடுவில் அளக்காமல் நுனியில் அளந்து 42 அங்குலம் என்று போட்டால் 7.66 கன அடிதான் வரும். ஆறு அங்குல வித்தியாசத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு மரம் காணாமற்போகிறது. 48ஐ 45 என்று "முழுசாக்கினால்" கூட 8.79 கன அடிக்கு இறங்கிவிடும். சுற்றளவை இருமுறை பெருக்குவதால் சிறு பிழையும் பெரிதாகிறது. டேப் எங்கே பிடிக்கப்படுகிறது என்பதை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சுற்றளவை நான்காக வகுத்துப் பார்க்கும் இந்தக் கணக்கு, உருண்டை மரத்தைச் சதுரமாக எண்ணிப் போடுவது. நாம் பார்த்த கட்டையில் உண்மையாக இருக்கும் மரம் ஏறத்தாழ 12.7 கன அடி. அதை 10 என்று கணக்கிடும்போதே அறுவையில் போகும் ஓரக் கழிவுக்காக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தள்ளியாகிவிட்டது. அதன்பிறகும் "கழிவுக்கு இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன்" என்று வியாபாரி கேட்டால், அது இரண்டாம் முறை கழிப்பதாகும். பட்டைக்குக் கழிவு கேட்டால், அளக்கும் இடத்தில் மட்டும் பட்டையைச் செதுக்கிவிட்டு டேப் பிடித்தால் இரு தரப்புக்கும் நியாயமாக முடியும். பொந்து, வெடிப்பு உள்ள கட்டைக்குக் கழிவு கேட்பது முறையே. அதையும் கட்டைக்குக் கட்டை தனியாகப் பேச வேண்டும்.

நிற்கும் மரமாக விற்பதானால், ஏணி வைத்து நேர்மரத்தின் நடுவில் கயிற்றைச் சுற்றி, அந்தக் கயிற்றை டேப்பில் வைத்து அளக்கலாம். உயரத்துக்கு அடிக்குறி போட்ட மூங்கில் கழி போதும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், வியாபாரி வரும்போது உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கும். அரசுக் கிடங்கு விலைகள் கன மீட்டரில் இருந்தால், ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி என்று கொள்க.

அறுத்து விற்பதா, உருட்டாக விற்பதா?

மரத்தைச் சட்டமாகவும் பலகையாகவும் அறுத்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்பது உண்மை. ஆயினும் எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. நமது 10 கன அடிக் கட்டையை அறுத்தால், மரத்தூளும் ஓரக் கழிவும் போக ஆறு, ஆறரை கன அடி சட்டம் கிடைத்தால் நல்ல அறுவை என்று சொல்லலாம். கோணல் மரத்தில் இன்னும் குறையும். அதாவது அறுத்த சட்டத்தின் விலை, உருட்டு மரத்தின் விலையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் முதலுக்கு மோசம் வராது. வண்டி வாடகை, அறுவைக் கூலி, காயவைக்கும் காலம் ஆகியவற்றையும் சேர்த்தால் இரண்டு மடங்கை ஒட்டி இருக்க வேண்டும். உள்ளூர் மரவாடியில் இரண்டு விலையையும் கேட்டு, இந்தக் கணக்கைப் போட்ட பிறகே முடிவு செய்க.

பொதுவாக 36 அங்குலத்துக்கு மேல் சுற்றளவுள்ள, நேரான, வைரம் பாய்ந்த கட்டைகளை அறுக்கலாம். மெல்லிய மரங்களைக் கழிகளாகவும் கம்பங்களாகவும் அப்படியே விற்றுவிடுவது நலம்.

வீட்டிலேயே ஒரு வாள் பட்டறை போடலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். 2002 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மரம் அறுக்கும் மில் தொடங்குவதில் கடும் கட்டுப்பாடு வந்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016இல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உரிமம் பெறாமல் இயந்திரம் வாங்கிவிட்டுப் பின்னர் அலைய வேண்டாம். உரிமம் உள்ள மில்லில் கூலிக்கு அறுத்து வாங்குவதே சிறு உழவருக்கு ஏற்றது.

வெட்டும்போதும் அறுக்கும்போதும்

மரத்தை வெட்டுமுன் ஊர்த் தச்சரை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். எந்த நீளத்தில் துண்டு போட வேண்டும் என்பதை அவர் சொல்வார். நிலைக்கு 7 அடிக் கால் வேண்டும். முனைகள் வெடிப்பதால் அரை அடி கூட்டி ஏழரை அடியாகத் துண்டு போட வேண்டும். ஆறரை அடியில் துண்டு போட்டுவிட்டால் அது நிலைக்கும் ஆகாது. சன்னலுக்குப் போய் வீணாகும். வளைவு உள்ள இடத்தில் வெட்டினால் இரண்டு பக்கமும் நேரான துண்டுகள் கிடைக்கும்.

வேலிக் கம்பி, ஆணி, மாட்டு முளை அடித்த மரமாயின் மில்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாள் உடைந்தால் அந்தச் செலவு நம் தலையில் விழும். அறுவைக் கூலி உருட்டு அளவுக்கா, அறுத்து வந்த அளவுக்கா என்பதையும், ஓரப் பலகை யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அறுக்கும்போது வீட்டார் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.

அறுத்த சட்டத்தின் கணக்கு எளிது. அகல அங்குலம், தடிப்பு அங்குலம், நீள அடி மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுக்கவும். 5க்கு 3 அங்குலச் சட்டத்தில், 7 அடிக் கால் இரண்டு, 4 அடிக் குறுக்குக் கட்டை இரண்டு என்று ஒரு நிலைக்கு 22 அடி வேண்டும். 5, 3, 22 மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுக்க 2.29 கன அடி. வீடு கட்டுபவரிடம் "ஒரு நிலைக்கு மரம் இவ்வளவு" என்று சொல்லத் தெரிந்தால் பேரம் எளிதாகும்.

காயவைத்தால் மதிப்பு கூடும்

பச்சை மரம் சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். பச்சைச் சட்டத்தை வாங்கிக் கதவு போட்டவர் மறுபடி உங்களிடம் வரமாட்டார். மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ கூரைக்கு அடியிலோ, வெயிலும் மழையும் நேரடியாகப் படாமல் காற்றோடும் இடத்தில் அடுக்க வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் செங்கல் அல்லது கட்டை வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஓர் அங்குலக் குச்சிகளை 2 அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். குச்சி நேர்கோட்டில் இல்லாவிட்டால் பலகை வளைந்துவிடும். முனைகளில் பழைய பெயிண்ட் அல்லது தார் பூசினால் வெடிப்பு குறையும். அடுக்கின் மேல் கனமான கல் ஏற்றி வைக்கலாம்.

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு பலகைத் துண்டை இரு வாரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்து, எடையை எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்தது என்று பொருள். தையில் அறுத்து அடுக்கினால், ஐப்பசி அடைமழைக்கு முன் ஓர் அங்குலப் பலகை காய்ந்துவிடும். கனமான சட்டத்துக்குக் கூடுதல் காலம் வேண்டும். உடனே அறுக்க இயலாத கட்டைகளைக் குளத்திலோ குட்டையிலோ முழுவதும் மூழ்கும்படி போட்டு வைப்பது நம் பெரியோர் வழக்கம். இதனால் வெடிப்பும் பூச்சியும் தவிர்க்கப்படும்.

காய்ந்த மரத்தின் அருமையை நம் மாவட்டத்திலேயே காணலாம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு, பழைய வீடுகளில் பல்லாண்டு இருந்து முற்றக் காய்ந்த ஆச்சா மரத்தையே தேடி வாங்குகிறார்கள். 2013இல் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. நம் கொல்லையில் முதிர்ந்த பலா ஒன்று சாயும்போது, விறகுக்குப் பிளக்குமுன் ஒரு வீணைப் பட்டறையில் காட்டிக் கேட்பதில் நட்டமில்லை.

யாரிடம் விற்பது?

காய்ந்த சட்டத்துக்கு முதல் வாடிக்கையாளர் சுற்று வட்டாரத்தில் வீடு கட்டுபவர்தான். அவரை அறிந்தவர் தச்சர். தச்சருக்கு முறையான தரகு கொடுத்தால் அவரே ஆள் அழைத்து வருவார். வைரம் மட்டும் உள்ளது, வெள்ளை கலந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்துத் தனித்தனி விலை சொல்லுங்கள். வெள்ளையை வைரத்தோடு மறைத்து விற்றால் ஒருமுறை விற்கலாம். அடுத்த முறை இயலாது. நான்கைந்து உழவர்கள் சேர்ந்து ஒரு லாரிக்கு வேண்டிய கட்டைகளைத் திரட்டினால் வண்டி வாடகை குறைவதோடு பேரம் பேசும் பலமும் கூடும்.

அனுமதியை மறக்க வேண்டாம்

சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும், தேக்கு போன்றவற்றை வெட்டி எடுத்துச் செல்லுமுன் கிராம நிர்வாக அலுவலரையும் வனச் சரக அலுவலகத்தையும் அணுகி, தேவையான சான்றையும் கடத்து அனுமதியையும் பெற வேண்டும். 1968 ஆம் ஆண்டின் தமிழ்நாடு விதிகள் இதற்கென உள்ளன. சந்தனம், ஈட்டி, செம்மரம் ஆகியவற்றில் கேட்காமல் கோடரி வைக்கவே கூடாது. வாய்க்கால் கரை, புறம்போக்கு மரங்கள் நம்முடையவை அல்ல. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வியாபாரி சொன்னாலும், வழியில் வண்டி பிடிபட்டால் நில உரிமையாளர் பெயரும் அதில் வரும். மரம் நட்டவுடனேயே அடங்கலில் பதிவு செய்துகொண்டால் பின்னாளில் அலைச்சல் மிச்சம்.

நெல் நான்கு மாதப் பயிர். ஒரு போகத்தில் ஏமாந்தால் அடுத்த போகத்தில் ஈடுகட்டலாம். மரம் ஒரு தலைமுறைப் பயிர். ஒருமுறை ஏமாந்தால் அதே வரப்பில் மறுபடி அந்த மரம் நிற்க நம் பேரப்பிள்ளைகள் காலம் ஆகிவிடும். ஆகவே இந்தத் தை மாதம் வியாபாரி வருமுன், ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வாருங்கள். அளந்த பிறகு பேசுங்கள். பேசிய பிறகு வெட்டுங்கள்.