சோப்பு தேவைதானா?

விடுதித் தோழியர் பலர் தனிமையில் என்னிடம் கேட்கும் ஐயம் இது. மருத்துவ மாணவி என்ற முறையில் விடை கூறுகிறேன்.

பெண்ணுறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும். தயிரிலும் காணப்படும் லாக்டோபாசில்லஸ் இன நுண்ணுயிர்கள் அங்கே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. அதன் பி.எச். எண் 3.8 முதல் 4.5 வரை; அதாவது அமிலம். குளியல் சோப்போ 9, 10 என்னும் காரம். காரம் புகுந்தால் காவல் குலையும். மணமூட்டிய திரவங்களும் வேண்டா.

மாதவிலக்கு நாட்களிலும் வெளிப்புறத்தை மட்டும் வெறும் நீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும்.

துர்நாற்றம், அரிப்பு, திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதல் தோன்றினால், தோழியரே, அது அழுக்கன்று, நோயாக இருக்கலாம். தேய்த்துத் தேய்த்து மறைக்காதீர்கள். கூச்சம் விடுத்து மருத்துவரை நாடுங்கள்.